கொழும்பு வீட்டு வளவுக்கு எந்த வாழை? ஆம்புலா, கோழிக்கூடா, சாம்பல் வாழையா?

வாழை நட ஆசைப்படுகிறவர்கள் கேட்பது அநேகமாக இரண்டே கேள்விகள். “பின்வளவில் கொஞ்சம் இடம் இருக்கிறது, கோழிக்கூட்டு வாழை வைக்கலாமா, ஆம்புல் வைக்கலாமா?” என்பது ஒன்று. “ஊரிலிருந்து குட்டி கொண்டுவரட்டுமா, இங்கேயே டிஷ்யூ கன்று வாங்கட்டுமா?” என்பது மற்றது. டிஷ்யூ கன்று என்றால் ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்த கன்று. தெஹிவளை மேட்டில் இருக்கிறவருக்குச் சொல்லும் பதில் கொலன்னாவைப் பள்ளத்தில் இருக்கிறவருக்குப் பிழையாகிப்போகும் என்பதால் ஒரு வரியில் சொல்லித் தப்ப முடிவதில்லை.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் சின்ன வளவு வைத்திருப்பவருக்கு முதல் வாழை சாம்பல் வாழை. இடம் இருந்தால் இரண்டாவது ஆம்புல். கோழிக்கூட்டுப் பழம் சாப்பிட ஆசையென்றால் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் மலிவு. பழத்தின் ருசியை மட்டும் பார்த்து நடுகிறவர்கள்தான் பிறகு வெட்டவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நிற்கிறார்கள்.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

முதலில் இடம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. வாழைக்கும் வாழைக்கும் இடையில் 8 முதல் 10 அடி விட வேண்டும். அப்படியென்றால் ஒரு மரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பேர்ச்சைப் பிடிக்கும். வீடு, கார் நிற்கும் இடம், தண்ணீர்த் தாங்கி எல்லாம் போக ஒரு பேர்ச் மிஞ்சினால் மூன்று மரத்துக்குமேல் நினைக்க வேண்டாம். அந்த மூன்றும் ஒவ்வொரு புதராகத்தான் வளரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அடுத்தது மண்ணும் தண்ணீரும். நுகேகொடை, மகரகமைப் பக்கத்துச் செம்புறை மண்ணில் தண்ணீர் வடிந்துவிடும். ராஜகிரிய, ஜயவர்தனபுரக் கோட்டை, கொலன்னாவை போன்ற இடங்களில் சதுப்பை நிரப்பிக் கட்டிய வளவுகள் பல. அங்கே ஒக்ரோபர், நவம்பர் மழையில் ஓரிரு நாள் தண்ணீர் தேங்கி நின்றாலே வாழையின் வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. மணல் மண்ணில் பசளை நிற்காது, உப்புக் காற்று இலையின் ஓரத்தைக் கருக்கும், கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் வாழை தேறாது.

மூன்றாவது நோய். இதைப் பலர் கேட்பதேயில்லை. ஆனால் இனத்துக்கு இனம் பெரிய வித்தியாசம் இருப்பது இதில்தான்.

நான்காவது, அந்த மரத்தில் எதை நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பது. வாழை பழம் மட்டும் தருவதில்லை. இலை, பொத்தி, தண்டு, காய் எல்லாம் சமையலறைக்கு வரும். பழத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு குலையில் நூறு பழம் இருந்தால் ஒரு கிழமைக்குள் எல்லாம் சேர்ந்து பழுத்துவிடும். நாலு பேர் உள்ள வீட்டில் எத்தனை சாப்பிட முடியும்? முதல் குலையை அயலவருக்கும் அலுவலகத்துக்கும் பகிர்வது சந்தோஷம். மூன்றாவது குலைக்கு, “ஐயோ, இன்னும் இருக்கிறதா?” என்று அவர்களே கேட்பார்கள். காயாக வெட்டிக் கறி வைக்கிற இனமென்றால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாகக் கணக்கில் வராத செலவுகள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

## சாம்பல் வாழை

சந்தையில் சும்மா “வாழைக்காய்” என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதைத்தான். மொந்தன் வகையைச் சேர்ந்தது. காய் தடித்து, பட்டைபட்டையாக, மேலே சாம்பல் பூசினாற்போல் இருக்கும். மரம் 10 முதல் 13 அடி வளரும், நட்டு ஏறக்குறைய ஒரு வருடத்தில் குலை வெட்டலாம்.

இதன் பெரிய வசதி, குலை முழுவதையும் ஒரே நாளில் வெட்டத் தேவையில்லை என்பது. மேலே உள்ள சீப்பு முதலில் முற்றும். இன்றைக்கு ஒரு சீப்பை அறுத்து வெள்ளைக் கறி வைக்கலாம், அடுத்த கிழமை ஒன்றை எடுத்துப் பொரிக்கலாம். மரத்தில் நிற்கிற மட்டும் அது உங்கள் குளிர்சாதனப் பெட்டிதான். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் மரக்கறி சமைக்கிற வீட்டில் ஒரு குலை பல கிழமைக்குக் கைகொடுக்கும். பொத்தியை வறையும் செய்யலாம்.

கடின மண்ணையும் கொஞ்ச நாள் வறட்சியையும் மற்ற இனங்களைவிட நன்றாகத் தாங்கும். கொழும்பில் ஜனவரி, பெப்ரவரிதான் மழை குறைந்த மாதங்கள். அந்த நேரம் பார்த்து நீங்கள் இரண்டு கிழமை ஊருக்குப் போய்விட்டாலும் வந்து பார்க்கும்போது மரம் நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. பனாமா வாடல் என்ற மண்வழிப் பூஞ்சண நோய் கோழிக்கூட்டைப் போல் இதைச் சாய்க்காவிட்டாலும் இது அந்த நோய்க்கு முழுக்கத் தப்பின இனமும் அல்ல. பிள்ளைகள் பழத்துக்குத்தான் ஆசைப்படுகிறார்கள் என்றால் இது ஏமாற்றம். பழுக்க வைத்துச் சாப்பிடலாம்தான், ஆனால் அதற்காக யாரும் இதை நடுவதில்லை.

எப்போது இது பொருத்தம்: மரக்கறிச் சமையல் அதிகம், தோட்டத்தில் நேரம் செலவழிக்க முடியாது, ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம். இந்த மூன்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் மேற்கொண்டு வாசிக்காமலே இதை நடலாம்.

## ஆம்புல்

புளிவாழை என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் பூவனும் இதுவும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. மரம் 12 முதல் 15 அடி வரை ஓங்கும். குலை வர 11 முதல் 13 மாதம். பனாமா வாடலை நன்றாகத் தாங்கும். யாரோ ஏதோ நட்டுப் பட்டுப்போன வளவில்கூட ஆம்புல் பிடித்து வருவதற்கு இதுதான் காரணம்.

இலைக்காக வாழை வேண்டுமென்றால் இதற்கு நிகர் குறைவு. தமிழ்நாட்டில் இலைக்கென்றே பூவன் பயிரிடுகிறார்கள். பொங்கல், நவராத்திரி, வீட்டில் ஒரு திவசம் என்று வந்தால் கொழும்பில் தலைவாழை இலைக்கு அலைகிற அலைச்சல் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வாட்டிய இலையில் சோறு கட்டவும் லம்பிரைஸ் பொதியவும் நல்லது. ஆனால் ஆசைக்கு வெட்டிக்கொண்டே இருக்க முடியாது. குலை தள்ளும் நேரத்தில் மரத்தில் எட்டு நல்ல இலையாவது இருந்தால்தான் காய் தடிக்கும். இலையும் வேண்டும், பழமும் வேண்டும் என்றால் புதரில் ஒரு தண்டை இலைக்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது.

பழம் சின்னது, புளிப்பும் இனிப்பும் கலந்தது. பிடித்தவருக்கு மிகவும் பிடிக்கும், பிடிக்காதவருக்குச் சொல்லி வேலையில்லை. உயரம்தான் இதன் பெரிய பலவீனம். தென்மேற்குப் பருவக் காற்று மே, ஜூனில் அடிக்கும்போது குலையோடு நிற்கும் 15 அடி மரத்துக்கு முட்டு இல்லாவிட்டால் ஆபத்து. மேலே மின்கம்பி போகிற இடத்திலும், பக்கத்து வீட்டுக் கூரைத் தகடு மதிலோடு ஒட்டியிருக்கிற இடத்திலும் ஆம்புல் வேண்டாம்.

எப்போது இது பொருத்தம்: வளவில் முன்பு வாழை நோய் வந்தது தெரியும், இலைத் தேவை உண்டு, மதிலிலிருந்து தள்ளி நட இடம் இருக்கிறது.

## கோழிக்கூட்டு வாழை

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கடையில் விலை கூடியது, விருந்தாளிக்கு வைக்கிற பழம், மணமும் இனிப்பும் வேறு. தமிழ்நாட்டு ரஸ்தாளியும் இதுவும் ஒரே இனக் கூட்டம். மரமும் அவ்வளவு ராட்சத உயரமில்லை, 10 முதல் 12 அடிதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் பனாமா வாடல். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம் வேர் வழியாக ஏறித் தண்டின் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். முதலில் அடி இலைகள் மஞ்சளாகும். பிறகு காம்பில் முறிந்து பாவாடை கட்டினது போல் தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் செம்பழுப்பு வளையங்கள் தெரியும். அந்தக் கட்டத்தில் எந்த மருந்தும் கைகொடுக்காது. உலகம் முழுவதும் ஏற்றுமதிக்குப் பயிரிட்ட குரோ மிஷேல் வாழையை 1950களில் படுக்க வைத்து, அதன் இடத்துக்குக் கேவண்டிஷைக் கொண்டுவந்தது இதே நோய்தான். பூஞ்சணம் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். ஆகவே மரத்தைத் தோண்டி எறிந்துவிட்டு அதே குழியில் இன்னொரு கோழிக்கூடு வைப்பது காசைக் குழியில் போடுவதுதான்.

பெரிய தோட்டக்காரர் இடம் மாற்றி நடுவார். கொழும்பில் எட்டுப் பேர்ச்சில் வீட்டை வைத்திருக்கிறவர் எங்கே மாற்றுவது? மழை வெள்ளம் ஒரு வளவிலிருந்து அடுத்ததுக்கு ஓடும், மண்வெட்டியும் தோட்டக்காரரும் வீட்டுக்கு வீடு போவார்கள். எனவே உங்கள் மண்ணை மட்டும் பார்த்தால் போதாது. “இங்கே யாராவது கோழிக்கூடு வைத்துப் பட்டுப்போனதா?” என்று அயலில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்று ஒருவர் சொன்னாலே போதும், விட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம், பழுத்ததும் தோல் வெடிப்பதும் காம்பு விட்டு உதிர்வதும் இந்த இனத்தின் குணம். கடையில் சீப்பாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு வீட்டுக் குலை அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எப்போது இது பொருத்தம்: மேட்டுக் காணி, தண்ணீர் வடிகிற மண், அந்த இடத்தில் முன்பு வாழை நின்றதில்லை, நம்பகமான இடத்தில் வாங்கிய டிஷ்யூ கன்று கையில் இருக்கிறது. நான்கும் சேர்ந்தால் நடுங்கள். ஒன்றிரண்டு குலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு நடுங்கள்.

## குட்டைக் கேவண்டிஷ்

சிங்களத்தில் பின் கெசெல் என்பார்கள். ஆறு முதல் எட்டு அடிக்குமேல் போகாது. காற்றுக்கு அவ்வளவாகப் பயமில்லை, ஏணி இல்லாமல் குலைக்கு உறை போடலாம், பத்துப் பன்னிரண்டு மாதத்தில் குலை வந்துவிடும். இடம் குறுகிய வளவுக்கென்றே பிறந்தது போலத் தோன்றும்.

ஆனால் இது கேட்கிற சாப்பாடு அதிகம். பொட்டாசியம் குறைந்தால் இலை ஓரத்திலேயே காட்டும். கொழும்பின் ஈரத்தில் சிகடோகா இலைப்புள்ளி நோய் இதை மற்ற இனங்களைவிடக் கடுமையாகப் பிடிக்கும். இலை ஓரத்திலிருந்து கருகி வரும்போது பந்தியில் போட இலை மிஞ்சாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் கேவண்டிஷ் வகை தானாகப் பழுத்தால் தோல் முழு மஞ்சளாக மாறாது. பச்சையாகவே இருக்கும், உள்ளே சதை குழைந்துவிடும். சுப்பர்மார்க்கற்றில் காண்பது குளிர் அறையில் பழுக்க வைத்தது. வீட்டில் நிறத்துக்காகக் காத்திருந்தால் பழம் அளிந்துவிடும். விரலால் அழுத்திப் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான்.

அடுக்குமாடிக்காரர்கள் கேட்பதால் சொல்கிறேன்: மொட்டைமாடியில் 200 லீற்றர் பீப்பாயைப் பாதியாக வெட்டி வைத்து வளர்க்கிறவர்கள் வைப்பது இந்த இனத்தைத்தான். வளரும். குலை சின்னதாக இருக்கும், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் இலை தொங்கும். நனைந்த மண்ணின் பாரத்தைத் தட்டுத் தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல்கனிக்கு வேண்டவே வேண்டாம்.

செவ்வாழையையும் சிலர் கேட்கிறார்கள். அழகுதான். குலைக்கு 15 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும், மரமும் ஆம்புல் அளவுக்கு ஓங்கும். இடம் தாராளமாக உள்ளவர்களின் ஆசைக்கு அது இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | சாம்பல் வாழை | ஆம்புல் | கோழிக்கூடு | குட்டைக் கேவண்டிஷ் |
|---|---|---|---|---|
| உயரம் | 10–13 அடி | 12–15 அடி | 10–12 அடி | 6–8 அடி |
| குலை வெட்ட | சுமார் 12 மாதம் | 11–13 மாதம் | 12–14 மாதம் | 10–12 மாதம் |
| பனாமா வாடல் | நடுத்தரம் | நன்றாகத் தாங்கும் | எளிதில் பிடிக்கும் | சாதாரண வகையைத் தாங்கும் |
| காற்று | முட்டு தேவை | கட்டாயம் முட்டு | முட்டு தேவை | பெரும்பாலும் தேவையில்லை |
| இலை | பரவாயில்லை | மிக நல்லது | பரவாயில்லை | ஈரத்தில் கருகும் |
| கறிக்குக் காய் | மிக நல்லது | சுமார் | வீண் | சுமார் |
| பராமரிப்பு | குறைவு | நடுத்தரம் | அதிகக் கவனம் | பசளையும் தண்ணீரும் அதிகம் |

## குட்டியா, கன்றா?

இனம் முடிவானால் அடுத்த கேள்வி எங்கே வாங்குவது என்பது. மூன்று வழி உண்டு.

தெரிந்தவர் வீட்டுக் குட்டி. காசில்லை, தாய்மரத்தைக் கண்ணால் பார்க்கலாம், அதன் பழத்தைச் சாப்பிட்டும் பார்த்திருப்பீர்கள். இனம் மாறிப்போகும் என்ற பயம் இல்லை. குட்டியில் இரண்டு வகை உண்டு. இலை ஈட்டி போல் ஒடுங்கி, அடி பெருத்து நிற்பது நல்ல குட்டி. சின்ன வயதிலேயே அகன்ற இலை விட்டு, அடி மெலிந்து நிற்பது நீர்க்கன்று. பார்க்க வளர்ந்தது போல இருக்கும், ஆனால் தாயின் கிழங்கோடு அதன் பிடி குறைவு, குலையும் சிறுக்கும். தோண்டித் தருகிறவர் பெரும்பாலும் எளிதில் வருகிற நீர்க்கன்றைத்தான் நீட்டுவார். பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள்.

குட்டியோடு நோயும் வரலாம் என்பதுதான் இதன் மறைந்த விலை. வாங்கியதும் கிழங்கின் வேரையும் மேல்தோலையும் கூரிய கத்தியால் சீவுங்கள். உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருக்க வேண்டும். கறுப்பு அல்லது கபில நிறத்தில் சுரங்கம் ஓடினால் கிழங்கு வண்டு இருக்கிறது. செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வாடல் நோய். இரண்டில் எது இருந்தாலும் நட வேண்டாம். அப்படிப்பட்டதை உங்கள் வளவில் புதைத்துவிடவும் வேண்டாம்.

தாய்மரத்திலும் ஒன்று பார்க்க வேண்டும். இளம் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நடுநரம்புக்குக் கிட்டவும் காம்பிலும் பாருங்கள். கடும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறி போல வரிசை தெரிந்தால் அது முடிக்கொத்து வைரசு. முற்றினால் இலைகள் குறுகி நிமிர்ந்து தலையில் கொத்தாக நிற்கும், குலையே வராது. இந்த நோய் இலங்கையில் 1913 முதலே இருக்கிறது. அசுவுணி எனும் சின்னப் பூச்சிதான் பரப்புகிறது என்றாலும் தூரத்துக்குக் கொண்டுபோவது குட்டியைக் கொடுத்து வாங்கும் நாம்தான். நீர்வேலி வாழை நல்லதென்று யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தடுக்க முடியாது. ஆனால் ஏற்றுமுன் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

பையில் வைத்த கடைக் கன்று. பத்தரமுல்லை தியத உயனவிலும், பிலியந்தலைப் பக்கத்து நர்சரிகளிலும் கிடைக்கும். வேர் பிடித்திருக்கும் என்பது வசதி. கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் சீவிப் பார்க்க முடியாது என்பது வசதிக்குறைவு. பெயர் மாறிப்போகும் வாய்ப்பும் இங்கேதான் கூட. விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் கன்றையே கேளுங்கள். இளம் இலையின் பின்பக்க நடுநரம்பு இளஞ்சிவப்பாக இருந்தால் ஆம்புல் என்று எடுக்கலாம். இலைக்காம்பின் ஓரத்தில் சிவப்புக் கரை ஓடி, தண்டு மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தால் கோழிக்கூடு. தொட்டால் விரலில் வெள்ளைப் பூச்சு ஒட்டினால் சாம்பல் வாழைப் பக்கம். குட்டிக்குக் குட்டி நிறம் கொஞ்சம் கூடிக் குறையலாம், ஆனால் கோழிக்கூடு என்று காசு வாங்கிக்கொண்டு ஆம்புல் தருவதைப் பிடிக்க இது போதும்.

டிஷ்யூ கன்று. ஆய்வுகூடத்தில் வளர்ப்பதால் கிழங்கு வண்டு, வேர்ப் புழு, பனாமாப் பூஞ்சணம் எதுவும் கூட வராது. எல்லாக் கன்றும் ஒரே சீராக வளரும். விலை கூட. முதல் இரண்டு மூன்று மாதம் குழந்தைதான்: தண்ணீர் தவறக் கூடாது, உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும், நத்தையும் கோழியும் கிட்ட வரக் கூடாது. ஓர் அடி உயரமும் ஐந்தாறு இலையும் உள்ளதாக, வெளி வெயிலில் வைத்துப் பழக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். பலர் இதை நோயே வராத கன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்னவற்றோடு வராது, அவ்வளவுதான். மண்ணில் பனாமாப் பூஞ்சணம் இருந்தால் டிஷ்யூ கோழிக்கூட்டுக்கும் அதே கதிதான்.

ஆம்புலுக்கும் சாம்பல் வாழைக்கும் தெரிந்தவர் வீட்டுக் குட்டியே போதும், டிஷ்யூவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கோழிக்கூட்டுக்கும் கேவண்டிஷுக்கும் டிஷ்யூ கன்று. விவசாயத் திணைக்களத்தின் பழப்பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவகம் ஹொரணையில் இருக்கிறது. எங்கே என்ன கன்று கிடைக்கும் என்று திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

## கணக்கில் வராத செலவு

முதலில் டெங்கு. வாழையிலைக் கக்கத்தில் மழைநீர் தேங்கும். குலை வெட்டின தண்டை இடுப்பளவில் விட்டால் அதன் நடுவிலும் தேங்கும். நுளம்புக்கு அது போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக விட்டால் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும்போது “வாழைதானே” என்று சொல்லித் தப்ப முடியாது. காய்ந்த இலைகளைக் காம்போடு அறுத்தெடுங்கள். வெட்டின தண்டை நிலத்தோடு மட்டமாக அறுத்து மண்ணால் மூடுங்கள். புதரை நெருக்க விடாதீர்கள்.

அடுத்தது தண்டு. ஒரு வாழை ஒரு முறைதான் காய்க்கும். வெட்டிய ஆம்புல் தண்டை ஒருவர் தனியாகத் தூக்குவது கடினம். முழுத் தண்டைக் குப்பை லொறிக்குக் கொடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். உள்தண்டைக் கறிக்கு எடுத்துக்கொண்டு, மீதியைத் துண்டுதுண்டாக நறுக்கிப் புதரைச் சுற்றிப் பரப்பினால் அதுவே பசளை. நறுக்குகிற கூலியும் உடுப்பில் பட்டால் போகாத கறையும் உங்கள் கணக்கு.

தண்ணீர்ச் செலவும் உண்டு. மழையில்லாத நாளில் ஒரு புதருக்கு 15 முதல் 20 லீற்றர் வேண்டும். குழாய் நீரில் யூனிற் கூடக் கூட விலையும் ஏறுவதால், மூன்று புதர் வைத்திருப்பவர் பெப்ரவரிப் பட்டியலில் அதைப் பார்ப்பார். சமையலறைக் கழுநீரைத் திருப்பிவிடலாம், எங்கள் வீடுகளில் வழக்கமும் அதுதான். சவர்க்காரமும் குளோரினும் அதிகம் போகாமல், நாள் முழுக்கச் சேறாகவும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

பசளை விலை 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த நாளிலிருந்தே பலரைக் கடித்திருக்கிறது. இரண்டு மூன்று மரத்துக்கு மக்கிய எருவும் அடுப்புச் சாம்பலும் வாழைத்தோலும் பெரும்பகுதியைச் சமாளிக்கும். கேவண்டிஷுக்கு மட்டும் கொஞ்சம் பொட்டாஷ் வாங்க வேண்டி வரலாம்.

வவ்வால், அணில், காகம் மூன்றுக்கும் பங்கு உண்டு. கோதுமை மா வந்த பழைய பையால் குலையை மூடிக் கட்டினால் போதும். மூடாவிட்டால் பழுத்த பக்கத்தை அவை தின்றுவிட்டுக் காயை உங்களுக்கு விட்டுவைக்கும்.

## நடும்போது

மே மழைக்கு முன் அல்லது ஒக்ரோபர் மழையோடு நடலாம். மேட்டுக் காணியில் இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். அலவாங்கு போட்டாலும் இறங்காத செம்புறையென்றால் அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் காணியில் குழியே வேண்டாம். ஒன்றரை அடி உயரத்துக்கு மண்மேடு போட்டு அதன்மேல் நடுங்கள்.

மதிலிலிருந்து ஐந்தடியாவது தள்ளுங்கள். வாழை வேர் மதிலை உடைக்காது, ஆனால் குட்டிகள் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் நகரும். தாய், அதன் குட்டி ஒன்று, அதற்கடுத்த சின்னது ஒன்று என மூன்று தண்டு போதும், மற்றதை வெட்டிவிடுங்கள். பிள்ளை மாதிரி வளர்ந்ததை வெட்ட மனம் வராதுதான். விட்டால் ஆறு தண்டு நிற்கும், குலை சூம்பும். விடுகிற குட்டியை மதிலுக்கு எதிர்ப்பக்கம் உள்ளதாகத் தெரிந்தெடுங்கள்.

## யார் எதை வைக்கலாம்

வெள்ளவத்தை, தெஹிவளையில் நாலு பக்கமும் மதில் சூழ்ந்த சின்னப் பின்வளவென்றால் ஒரு சாம்பல் வாழை. மேலே கம்பி போனால் குட்டைக் கேவண்டிஷ், ஆனால் பசளைக்கும் தண்ணீருக்கும் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நுகேகொடை, மகரகமைப் பக்கம் பத்துப் பேர்ச்சுக்குமேல் உள்ளவர்கள் சாம்பல் வாழை ஒன்றும் ஆம்புல் ஒன்றும் வைக்கலாம். ஆசை அடங்காவிட்டால் மற்றவற்றிலிருந்து தள்ளி ஒரு டிஷ்யூ கோழிக்கூடு. சதுப்பு நிரப்பிய காணியில் மேடு போட்டு ஆம்புல் மட்டும். கடற்கரைக்கு மிகக் கிட்ட, கிணறும் உவர்ப்பென்றால் எந்த வாழையும் வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். ஒப்பந்தம் ஒரு வருடமென்றால் குலை உங்களுக்குக் கிடைப்பது சந்தேகம், இலை கிடைக்கும். நட்டு நாலைந்து மாதத்தில் ஆம்புலில் ஓரிரு இலை அறுக்கலாம். வீட்டைக் காலி செய்யும்போது கிழங்கோடு தோண்டி எடுக்கச் சொல்கிற வீட்டுக்காரர்களும் உண்டு, அந்தக் கூலி உங்கள் தலையில்தான் விழும். ஆகவே நடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.